செட்டில் என்ற சொல்லுக்கு மூன்று வரி

ராஜா அண்ணாமலைபுரம்
6 அக்டோபர் 2024

அன்புள்ள ப்ரிசி,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அதை உனக்கு எழுத வேண்டாம் என்றாள், எழுதிவிட்டேன். உன் இருமல் நின்றதா? இந்தக் கவரை உனக்கு முன்னால் பிரித்துப் படிக்கப்போகும் உங்கள் பொறுப்பாளர் சிஸ்டர் மெட்டில்டா அவர்களுக்கும் என் வணக்கம். சிஸ்டர், இதில் ரகசியம் எதுவும் இல்லை, நிம்மதியாகப் படிக்கலாம்.

உன் போன மாதக் கடிதம் வந்தது. நான் ஆபீசிலிருந்து வருவதற்குள் வழக்கம்போல அம்மா பிரித்துவிட்டாள். புதன்கிழமை நம் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள பங்கு மக்கள் எல்லோரும் ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்து, சுண்டல் வருவதற்கு முன்னால், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தை வாசித்தாள். "விடியுமுன் எழுந்துவிடுகிறோம்" என்ற இடத்தில் நிறுத்தி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். ஆறாம் வகுப்பு டீச்சராகவே ஓய்வு பெற்றவளின் பார்வை. கொர்னேலியா ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உனக்கு மே மாதக் கடைசியில் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு என்பது இப்போது இந்தத் தெருவில் நாய்களுக்குக்கூடத் தெரியும்.

எனக்கு இந்த மாதம் ஒரே ஒரு சொல்லோடு சண்டை. ஆழ்வார்பேட்டை ஆபீசில் நாங்கள் போடும் மாணவர் ஆங்கில-தமிழ் அகராதி எஸ் எழுத்துக்கு வந்துவிட்டது. என் பங்குக்கு வந்த சொற்களில் ஒன்று 'செட்டில்'. சுலபம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். குடியேறுவதும் அதுதான். கணக்கைத் தீர்ப்பதும் அதுதான். சண்டை முடிவதும், காபித்தூள் அடியில் தங்குவதும், சொத்தை மகள் பேரில் எழுதி வைப்பதும் அதுதான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வீடு இருக்கிறது. எங்கள் ஆசிரியர் ரகுபதி சார் ஒரு சொல்லுக்கு மூன்று வரிதான் தருவார். "அதுக்கு மேல எழுதினா அது டிக்சனரி இல்லம்மா, கட்டுரை" என்று என் தாளில் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் அம்மா. "ஒருத்திய ஆண்டவர்கிட்ட செட்டில் பண்ணிட்டேன். இன்னொருத்தியும் செட்டில் ஆயிட்டா நான் நிம்மதியா கண்ண மூடுவேன்."

"செட்டில்னா என்னம்மா?" என்று உண்மையான ஆர்வத்தில்தான் கேட்டேன்.

"டிக்சனரி எழுதறவ நீ. என்னைக் கேக்கற."

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லூயிசா

~

நவகன்னியர் இல்லம்
சிறுமலை அடிவாரம்
3 நவம்பர் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். உங்கள் நலத்துக்காக ஜெபிக்கிறேன். இருமல் நின்றுவிட்டது. அம்மா மாடிப்படி அதிகம் ஏற வேண்டாம். அன்பியத்தில் எல்லோருக்கும் என் வணக்கம். இது அங்கே வாசிக்கப்படும் என்று தெரியும் என்பதால் கையெழுத்தைக் கவனமாக எழுதுகிறேன்.

அக்கா, உன் சொல்லைப் பற்றி யோசித்தேன். இந்த மாதம் எனக்குச் சமையலறை முறை. மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறது. இரவே அண்டாவில் பிடித்து வைத்தால் காலையில் மண் அடியில் தங்கிவிடும் என்றார்கள். மற்றவர்கள் பிடித்து வைப்பது தெளிந்துவிடுகிறது. நான் பிடித்து வைப்பது மட்டும் தெளியமாட்டேன் என்கிறது. எவ்வளவு நேரம் விட்டாலும். எல்லோரும் பொறுமையாக இரு என்கிறார்கள். இருந்துகொண்டுதான் இருக்கிறேன். இதற்கும் அந்தச் சொல்தானே?

என் கட்டில் இன்னும் ஜன்னல் பக்கம்தான் கிடக்கிறதா?

உங்கள் ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரிஸில்லா

~

ராஜா அண்ணாமலைபுரம்
17 நவம்பர் 2024

அன்புள்ள ப்ரிசி,

நலம். மழை நம் தெருவுக்குள் வரவில்லை, முனை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. சிஸ்டர் மெட்டில்டா அவர்களுக்கு வணக்கம், அங்கே மழை எப்படி?

உன் அண்டா அருமையான உதாரணம். அப்படியே தாளில் எழுதிக்கொண்டேன். படிகாரக் கட்டியைத் தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி விடச் சொல்கிறாள் அம்மா. உடனே தெளிந்துவிடுமாம்.

ஒரு சேதி. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கன்னிமாரா நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்றால் இருக்கை. வெறும் இருக்கை. அதில் ஒருவரை உட்கார வைப்பதுதான் வினைச்சொல். உட்காருவது, சேணம், பறவைக்கூடு, இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை. இன்றைக்கும் ஆங்கிலத்தில் 'செட்டில்' என்றால் முதுகு சாய உயரமான பலகை வைத்த நீள மரப்பெஞ்சு என்று ஓர் அர்த்தம் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. எங்கள் ஆபீஸ் வராந்தாவில் பழைய புரூஃப் கட்டுகளைச் சுமந்துகொண்டு ஒன்று கிடக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். குடியேற்றம், வழக்கு, கல்யாணம் எல்லாம் ஒரு பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருக்கின்றன. எனக்குச் சிலிர்த்தது. ரகுபதி சார் "சரி, அதுல எது பரீட்சைக்கு வரும்?" என்றார்.

எங்கள் ஆபீசைக் கூட்டும் செண்பகம் அக்காவுக்கு வீடு அடையாற்றங்கரையில் இருந்தது. இப்போது பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி. அரசாங்கத் தாளில் 'மறுகுடியமர்வு'. அழகான தமிழ், என் மூன்று வரியில் சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஈரப்புடவையோடு வந்தார். "அங்க செட்டில் ஆயிட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா செட்டிலு? ஏழாவது மாடில கீது வூடு. லிப்ட்டு நின்னு போய் கீது. ரெண்டு பஸ் மாறி, நின்னுகினே வரேன். ஒக்கார எடம் குடு மொதல்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அந்தத் தமிழ்ச் சொல்லை அன்றைக்கு எழுதவில்லை.

இரண்டாம் பக்கம் முடிகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

லூயிசா

~

நவகன்னியர் இல்லம்
29 டிசம்பர் 2024

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். நான் நலம். திருவருகைக் காலத்தில் நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, அதனால்தான் தாமதம். இன்று திருக்குடும்பத் திருவிழா. பூசையில் உங்கள் இருவரையும், அப்பாவின் ஆன்மாவையும் நினைத்துக்கொண்டேன்.

படிகாரம் போட்டோம். நன்றி.

மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அம்மா, தேதியை யாருக்கும் சொல்ல வேண்டாம். அழைப்பிதழ் வேண்டாம், ஆட்களைக் கூட்டி வர வேனும் வேண்டாம். சொல்லிவிட்டால் பிறகு உங்களுக்குத்தான் கஷ்டம்.

அக்கா, கட்டிலைப் பற்றி நீ எழுதவில்லை.

அந்தப் பெஞ்சைப் பற்றி இன்னும் எழுது. எனக்குப் பிடித்திருந்தது.

பிரிஸில்லா

~

ராஜா அண்ணாமலைபுரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள ப்ரிசி,

புத்தாண்டு வாழ்த்துகள், சிஸ்டர் மெட்டில்டாவுக்கும் சேர்த்து. நான் நலம், எரிச்சலைத் தவிர.

அம்மா உன் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் கேக்கோடு வாசித்தாள். அழைப்பிதழ் வேண்டாம் என்று நீ எழுதிய இடத்தை மட்டும் தாண்டிவிட்டாள். நான் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததால் தெரிந்தது. நீ சொன்னதற்குக் காலம் கடந்துவிட்டது, கண்ணே. தேதியைப் போன ஞாயிறே ஃபாதர் பூசையில் அறிவித்துவிட்டார். வேன் பேசியாகிவிட்டது. அழைப்பிதழில் சிறகு விரித்த சம்மனசு வேண்டுமா புறா வேண்டுமா என்று கொர்னேலியா ஆன்ட்டியும் அம்மாவும் இரண்டு வாரமாகப் பேசுகிறார்கள். புறா ஜெயிக்கும்போல் இருக்கிறது.

கட்டில்: அதை அம்மா நவம்பர் கடைசியில் கோவிலில் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது ஜன்னல் பக்கம் காலியாக இருந்தது. "அவளுக்கு எதுக்கு இனிமே" என்றாள். இப்போது அங்கே என் தாள்கள் கிடக்கின்றன. வசதிதான்.

இனி எரிச்சல். செட்டில் என்பது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. இருக்கை என்று சொன்னேன் அல்லவா, அது ஒன்று. பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே ஓசையில் இன்னொன்று இருந்திருக்கிறது. அதன் பொருள் சமாதானமாவது, பகைத்தவர்கள் மறுபடி ஒன்றாவது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்து இருந்து, காலப்போக்கில் சுவரை இடித்து ஒரே வீடாகிவிட்டன என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் சண்டை தீர்வதற்கும் இடம் கிடைத்து உட்காருவதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்.

இதை எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். ரகுபதி சார் கண்ணாடியைக் கழற்றினார். "லூயிசா, இதைப் படிக்கப்போறவன் ஒன்பதாங்கிளாஸ். அவனுக்கு ஒரு அர்த்தம் போதும், நீ எழுதறது ரெண்டு சொல்லு, ஏழு அர்த்தம், ஒரு பெஞ்சு. பெஞ்சை எடுத்துடும்மா."

எடுக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

லூயிசா

~

நவகன்னியர் இல்லம்
2 பிப்ரவரி 2025

இயேசுவுக்கே புகழ்.

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நலம். உங்கள் நலமறிய ஆவல்.

கட்டிலைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சரி.

அக்கா, நீ எழுதிய அந்தப் பெஞ்சு, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நீளம் இருக்குமா?

அடுத்த மாதம் தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறு வரை கடிதம் எழுதவும் முடியாது, வருவதைப் பெறவும் முடியாது. அதற்குள் பதில் போட்டால் கிடைக்கும்.

பிரிஸில்லா

~

ராஜா அண்ணாமலைபுரம்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ப்ரிசி,

நலம். அவசரமாக எழுதுகிறேன், எஸ் எழுத்தை மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டுமாம்.

பெஞ்சு ஆறடி இருக்கும். படுக்கலாம், புரளக்கூடாது. ஏன், அங்கே கட்டில்களையும் தானம் கொடுத்துவிட்டார்களா? சிஸ்டர் மெட்டில்டா, என் தங்கைக்கு மெத்தை கொடுங்கள்.

தவக்காலத்தில் ரொம்பப் பட்டினி கிடக்காதே.

லூயிசா

~

ராஜா அண்ணாமலைபுரம்
13 மார்ச் 2025

ப்ரிசி,

இது உனக்கு ஈஸ்டர் வரை கிடைக்காது என்று தெரிந்தே எழுதுகிறேன். சிஸ்டர் மெட்டில்டா அவர்களே, முதலில் படிப்பது நீங்கள் என்பதால் உங்களையே கேட்கிறேன். இதுவரை உங்களிடம் விளையாடியதற்கு மன்னியுங்கள். இந்தக் கடிதத்தை மட்டும் தயவுசெய்து அவளிடம் இப்போதே கொடுங்கள்.

நேற்று நம் வீட்டில் அன்பியம். அம்மா உன் பிப்ரவரிக் கடிதத்தை இதற்காகவே எடுத்து வைத்திருந்தாள். பெஞ்சைப் பற்றி நீ கேட்டிருந்த வரியை வாசித்துவிட்டு நிறுத்தினாள். கொர்னேலியா ஆன்ட்டி, "பாத்தீங்களா, தவக்காலம் வர்றதுக்கு முன்னாடியே புள்ளை கட்டாந்தரையில படுக்கத் தயாராயிட்டா" என்றார்கள். "ஒறுத்தல்னா அதான்" என்று இன்னொருவர். அம்மா தலையை ஆட்டினாள். சுண்டல் தட்டோடு நான் கதவருகில் நின்றிருந்தேன்.

உன் வரியை அவ்வளவு தப்பாக இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் நான் அதை எவ்வளவு தப்பாகப் படித்தேன் என்று தெரிந்தது. உள்ளே போய் எல்லாவற்றையும் எடுத்துப் படித்தேன். தெளியாத தண்ணீர். கட்டில் இருக்கிறதா. அழைப்பிதழ் வேண்டாம். கட்டில் இல்லை என்றால் பெஞ்சாவது இருக்கிறதா. நீ நவம்பரிலிருந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். நான் படிகாரம் போடச் சொன்னேன்.

நேராகக் கேட்கிறேன். நீ வீட்டுக்கு வர நினைக்கிறாயா? உன் கடிதம் அங்கே பிரிக்கப்படும் என்பதால் சுற்றி வளைத்து எழுதினாய் என்றால், இனி வேண்டாம். ஆம் இல்லை என்று ஒரு சொல் போதும். கீழே என் ஆபீஸ் முகவரி.

பெஞ்சு இருக்கிறது ப்ரிசி.

லூயிசா

~

நவகன்னியர் இல்லம்
21 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் வாழ்த்துகள். உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கவர் ஒட்டியபடியே இருந்தது.

இங்கே யாரும் எங்கள் கடிதங்களைப் படிப்பதில்லை. அந்த வழக்கம் நாங்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டதாம். நீ ஒவ்வொரு முறையும் சிஸ்டர் மெட்டில்டாவுக்கு வணக்கம் சொல்வாய், நான் போய்ச் சொல்வேன், அவர்கள் சிரிப்பார்கள். இந்த முறை உள்ளே அவர்களுக்கு என்ன எழுதியிருந்தாய் என்று காட்டினேன். சிரிக்கவில்லை. "கவர் மேல அவசரம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேனேம்மா" என்றார்கள்.

என் கடிதங்கள் பிரிக்கப்படும் இடம் இது இல்லை, அக்கா. நம் வீடு. நான் எழுதுவதை முதலில் அம்மா படிப்பாள், பிறகு தெருவே கேட்கும், கடைசியில் உன் கைக்கு வரும். 'எனக்கு இங்கே முடியவில்லை' என்று எழுதினால் அதைச் சுண்டலுக்கு முன்னால் வாசிப்பார்களா, பின்னாலா? அது உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. நீ அதை வேடிக்கையாக எழுதி எனக்கே அனுப்பினாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கே யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. நல்லவர்கள். அதனால்தான் இவ்வளவு காலம் எடுத்தது. எல்லோரோடும் சேர்ந்து பாடுகிறேன், என் குரல் மட்டும் எனக்கு வேறு யாருடையதோ போல் கேட்கிறது. இரண்டு வருடம் காத்திருந்தும் மாறவில்லை. சிஸ்டரிடம் அக்டோபரிலேயே சொன்னேன். "வார்த்தைப்பாடு குடுக்கறதுக்கு முன்னாடி போனா அது போறது. குடுத்துட்டுப் போனா அது முறிக்கிறது. வீட்டுக்கு எழுதிக் கேளு" என்றார்கள். போனில் பேசவும் அனுமதி தருவதாகச் சொன்னார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். அம்மா அழுவாள், நான் 'சரி, இங்கேயே இருக்கிறேன்' என்று சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

நீ கேட்ட ஒரு சொல்: ஆம்.

ஆனால் அம்மா வரச் சொல்லாமல் எப்படி வருவது?

ப்ரிசி

~

ராஜா அண்ணாமலைபுரம்
11 மே 2025

அன்புள்ள ப்ரிசி,

நான் நலமாக இல்லை, அம்மாவும் இல்லை.

உன் கடிதத்தை ஆபீஸ் வராந்தாப் பெஞ்சில் புரூஃப் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். நீ எழுதிய எல்லாவற்றுக்கும் நான் தகுதியானவள். பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவது என்று நினைத்தேன். சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது. ஒவ்வொரு மாலையும் ஒரு காரணம் கிடைத்தது. நேற்று அழைப்பிதழ்க் கட்டு வந்து இறங்கியது. புறா. அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ப்ரிசி வார்த்தைப்பாடு குடுக்கப் போறதில்லம்மா. வீட்டுக்கு வர்றேங்கறா" என்றேன்.

கை நிற்கவில்லை. "யார் சொன்னா?"

"லெட்டர் போட்டிருக்கா."

"இங்க ஒண்ணும் வரலையே."

"ஆபீசுக்கு வந்துச்சு."

"ஓ. ஆபீசுக்கா." இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கீங்களா ரெண்டு பேரும்? கட்டில் இருக்கான்னு கேட்டாளே, அன்னிக்கே தெரியும். கான்வென்ட்ல இருக்கறவளுக்கு இங்க கெடக்கற கட்டில் எதுக்கு? அதான் தூக்கிக் குடுத்தேன். இங்க எடம் இல்லன்னா அங்கயே மனசு நின்னுடும்னு."

நீயும் நானும் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, உன் கேள்வியைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் முதல் மாதமே பதில் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?"

"ஏன்னா? உங்கப்பா போனப்புறம் இந்தப் பங்குல என்னை யாரு பாத்தா? கடைசி வரிசைல ஒக்காந்து பூசை பாத்துட்டு வருவேன். இவ கான்வென்ட்டுக்குப் போனா, கொர்னேலியா எழுந்திரிச்சு முன்வரிசைல எடம் குடுக்கறா. ஃபாதர் 'சிஸ்டரோட அம்மா'ன்னு கூப்பிடறாரு. இப்ப அவ பையைத் தூக்கிட்டு வந்து நின்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கோவிலுக்குப் போவேன்? உன்னைக் கேட்டு ஒருத்தன் வருவானா? சொல்லு, டிக்சனரில பாத்து சொல்லு."

நான் கத்தினேன் ப்ரிசி. அவளும் கத்தினாள். கீழ் வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. குழம்பை வைத்துவிட்டு மூடிப் போகிறாள், நான் போட்டுக்கொள்கிறேன்.

நீ வா. அம்மா சொல்வாள் என்று காத்திருக்காதே. நான் சொல்கிறேன்.

லூயிசா

~

நவகன்னியர் இல்லம்
15 மே 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. சண்டை போட்டதற்கு நன்றி, சண்டை போட வைத்ததற்கு வருத்தம்.

சிஸ்டர் மெட்டில்டா எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். 24ஆம் தேதி கிளம்பலாம் என்கிறார்கள். ராத்திரி வண்டியில் ஏறினால் விடியுமுன் எழும்பூர் வந்துவிடும். தெரு எழுவதற்குள் மாடி ஏறிவிடுவேன். கொஞ்ச நாள் வெளியே வராமல் இருந்துகொள்கிறேன், அம்மாவுக்குத் தொந்தரவு இருக்காது.

இருந்தாலும் நீ சொல்வது எனக்குப் போதவில்லை, அக்கா. கோபித்துக்கொள்ளாதே. அம்மா ஒரு வரி எழுதமாட்டாளா?

ப்ரிசி

~

ராஜா அண்ணாமலைபுரம்
22 மே 2025

அன்புள்ள ப்ரிசி,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், கவர் மேல் 'அவசரம்' என்றும் எழுதியிருக்கிறேன்.

எஸ் எழுத்து அச்சுக்குப் போய்விட்டது. செட்டிலுக்கு மூன்று வரிதான். குடியேறு, தீர்த்துக்கொள், அடியில் தங்கு. சமாதானத்துக்கு இடம் இல்லை. பெஞ்சும் போய்விட்டது. ரகுபதி சாரோடு கடைசியாக ஒரு சண்டை போட்டேன், தோற்றேன். தோற்ற எரிச்சலில், "அப்ப வராந்தாவுல கெடக்கறதையாவது எனக்குக் குடுங்க சார்" என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும், "எடுத்துட்டுப் போம்மா, அது கால்ல இடிச்சுக்கிட்டே இருக்கு" என்றார்.

செண்பகம் அக்கா ஒரு லோடு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். டிரைவரும் நானும் அதை மாடி ஏற்றுவதற்குள் தெருவே வேடிக்கை பார்த்தது. ஜன்னல் பக்கம் போட்டோம். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை எழுந்து பார்த்தால் அம்மா பெஞ்சில் படுத்திருக்கிறாள். முழங்காலை மடக்கி, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. அதற்கு அடுத்த ராத்திரியும் அங்கேதான். ஏன் இங்கே படுக்கிறாய் என்று கேட்டேன், பத்து நாளில் நான் கேட்ட முதல் கேள்வி. சுவரைப் பார்த்தபடி, "பலகை முதுகுல குத்துது. புரண்டா விழுந்துடுவா. அவளை என் கட்டில்ல படுக்கச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். என்மேல் கோபம் தீரவில்லை. குழம்பு இன்னும் மூடியே இருக்கிறது.

ஞாயிறு பூசைக்குப் போனோம். கொர்னேலியா ஆன்ட்டி முன்வரிசையில் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா பார்க்காததுபோலக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எல்லாத் திசைக்கும் கும்பிட்டாள், என்னைத் தவிர.

நேற்று அன்பியம். பாதிப்பேர் புதுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெபமாலை முடிந்தது. எல்லோரும் அம்மாவின் கண்ணாடியைப் பார்த்தார்கள். அது மேஜைமேல் கிடந்தது.

"டீச்சர், இந்த மாசம் சிஸ்டர் லெட்டர்?" என்றார்கள் கொர்னேலியா ஆன்ட்டி.

"லெட்டர் இல்ல," என்றாள் அம்மா. "ஆளே வர்றா."

"லீவுக்கா?"

"இல்ல. வீட்டுக்கு."

யாரோ "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். அம்மா எழுந்து சுண்டல் எடுத்து வரப் போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. நான்தான் போய்த் தட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இன்று இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்றாள். நீ ராத்திரி வண்டியில் வருவதாகச் சொன்ன இடத்தை உன் கடிதத்தில் காட்டினேன். பேனாவை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கீழே இருப்பது அவள் கையெழுத்து.

லூயிசா

ராத்திரி வண்டியில் வராதே. பகல் வண்டி, வைகையில் வா. மத்தியானத்தில் தெருவில் இறங்கு.
அம்மா